விண்டோஸ் 10 முடிந்துவிட்டது: தட்டச்சுக் கடைக் கணினிகளில் லினக்ஸ் மின்ட் போட்டுப் பார்க்கலாமா?

மன்னைக்காரி (கேள்வி)

வணக்கம். மன்னார்குடியில் தட்டச்சு, ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். மனு, வாடகை ஒப்பந்தம், பயோடேட்டா, கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ், தேர்வாணைய விண்ணப்பம் என்று எல்லாமே எங்களிடம் வரும். கடையில் மூன்று கணினிகள். முன்மேசையில் இருக்கும் இரண்டும் நான்காம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க். உள் அறையில் இருப்பது ஆறாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம். மூன்றிலும் விண்டோஸ் 10 ஓடுகிறது.

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால் என் கணினிகளில் ஒன்றுகூடத் தேறாது. இன்டெல்லில் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கிறார்கள், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேறு கேட்கிறார்கள். எங்களுக்குக் கணினி விற்றவர் வந்து பார்த்துவிட்டு, மூன்றையும் கழித்துக்கட்டிவிட்டுப் புதிதாக வாங்கச் சொல்கிறார். விசைப்பலகை தேய்ந்தால் மாற்றியிருக்கிறேன், எஸ்எம்பிஎஸ் போனால் மாற்றியிருக்கிறேன். மற்றபடி காலையில் பொத்தானை அழுத்தினால் இரவு கடை சாத்தும்வரை உழைக்கிற மெஷின்கள் இவை. தேதி முடிந்துவிட்டது என்பதற்காகத் தூக்கிப்போட மனம் ஒப்பவில்லை.

அப்படியே ஓட்டிக்கொண்டு போகவும் மனம் ஒப்பவில்லை. ஊரார் பென்டிரைவ் அத்தனையும் எங்கள் முன்மேசைக் கணினியில்தான் செருகப்படுகின்றன. கல்லூரி மாணவர்கள் கொண்டுவருவதில் பாதியில், கோப்புகள் மறைந்து குறுக்குவழி ஐகான்கள் மட்டும் தெரியும். அதே கணினியில்தான் ஒரு பாட்டியம்மாவின் ஆதார் அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் ஸ்கேன் செய்து முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கிறேன். அவர் என்னை நம்பித் தருகிறார். பாதுகாப்புத் திருத்தம் வராத கணினியில் அதைச் செய்வது சரியில்லை.

அதனால்தான் விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். இலவசம், பழைய மெஷினில் ஓடும், வைரஸ் தொல்லை குறைவு என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எழுதுகிறவர்கள் பெரும்பாலும் நிரல் எழுதுபவர்கள். கடை நடத்துகிறவர் யாராவது சொன்னால் எனக்கு உதவியாக இருக்கும். என் தயக்கங்கள் இவை.

என்னிடம் வேலை பார்க்கும் பெண் தமிழ்த் தட்டச்சில் ஹையர் தேறியவர். இன்ஸ்டிடியூட்டில் இரும்பு மெஷினில் கற்ற கை. திரையைப் பார்க்காமல், கையெழுத்துப் பிரதியை மட்டும் பார்த்து அடிப்பார். மனு எழுதுகிற பெரியவர்கள் சொல்லச் சொல்லவே தாள் தயாராகிவிடும். இப்போது என்எச்எம் ரைட்டர் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளில் பழைய தட்டச்சு முறையை வைத்துக்கொண்டு வேலை நடக்கிறது. அந்த விசையமைப்பு அப்படியே லினக்ஸில் கிடைக்குமா? ஒரு எழுத்து இடம் மாறினாலும் அவர் வேகம் போய்விடும். புதிதாகத் தமிழ்99 விசையமைப்பைக் கற்றுக்கொள் என்று அவரிடம் சொல்ல நான் தயாரில்லை. கடையின் பெயர் அந்தக் கையில்தான் இருக்கிறது.

அடுத்தது பத்திரிகை வேலை. உள் அறைக் கணினியில் பேஜ்மேக்கர் 7 என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள் இருக்கிறது. பல வருடங்களாக அடித்த அழைப்பிதழ்கள் எல்லாம் அதில், பாமினியிலும் வேறு பழைய எழுத்துருக்களிலும் இருக்கின்றன. "அக்கா கல்யாணத்துக்கு அடித்த அதே மாதிரி தம்பிக்கும் வேண்டும்" என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. பெயரையும் முகூர்த்த நேரத்தையும் மாற்றி, உறவினர் பட்டியலில் இல்லாதவர்களை எடுத்துவிட்டுக் கொடுப்பேன். அந்தக் கோப்புகள் திறக்காமல் போனால் என் உழைப்பில் பாதி போனது மாதிரி.

பிரிண்டர் இரண்டு: ஒரு சிறிய லேசர், ஒரு இங்க் டேங்க். கைரேகைக் கருவி ஒன்றும் உண்டு. அதற்கு விற்பனையாளர் தந்த மென்பொருள் விண்டோஸுக்கு உரியது.

மூன்றிலும் போடலாமா, ஒன்றில் மட்டுமா, வேண்டவே வேண்டாமா? வேண்டாம் என்றாலும் சொல்லுங்கள், காரணத்தோடு சொல்லுங்கள்.

ஈரோட்டுப் பழுதுபார்ப்பாளர்

அக்கா, மெஷினைத் தூக்கிப்போடாதீர்கள். நான்காம் தலைமுறை ஐ3 மனு அடிக்கவும் விண்ணப்பம் போடவும் தாராளம். உங்களை மெதுவாக்குவது அந்தப் பழைய ஹார்ட் டிஸ்க்தான். எந்த இயங்குதளம் போட்டாலும் முதலில் அதற்குப் பதில் வேகமான எஸ்எஸ்டி போடுங்கள். முடிந்தால் ரேமை 8 ஆக்குங்கள். அந்தக் காலத்து டிடிஆர்3 ரேம் பழைய சந்தையில் மலிவாகவே கிடைக்கும்.

உங்களுக்கு இன்னொரு வழியும் திறந்திருக்கிறது. வீட்டுப் பயனாளர்களுக்கு விண்டோஸ் 10-க்கான பாதுகாப்புத் திருத்தங்களை 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்திருக்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளைக் காப்பு எடுக்கச் சம்மதித்தால் பணம் கேட்பதில்லை. அமைப்புகளில் புதுப்பித்தல் பக்கத்துக்குப் போனால் பதிவு செய்யும் இணைப்பு அங்கேயே இருக்கும். அதை இன்றே செய்துவிடுங்கள். லினக்ஸ் போடுவதும் போடாததும் அப்புறம். அவசரம் என்ற பேச்சு முதலில் நீங்கட்டும்.

போடுவதென்றால் என் யோசனை இது. இரண்டு இயங்குதளத்தையும் ஒரே டிஸ்க்கில் வைக்காதீர்கள். கடைக்கு அது ஒத்துவராது. தொடங்கும்போது எதைத் தேர்ந்தெடுப்பது என்று ஒரு திரை வரும். அவசரத்தில் யாராவது தவறாக அழுத்துவார்கள். நேரமும் குழம்பும். லினக்ஸ், போர்டில் உள்ள கடிகாரத்தை உலக நேரத்தில் வைக்கும். விண்டோஸ் அதை உள்ளூர் நேரமாகப் படிக்கும். லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குத் திரும்பினால் ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டும். நேரம் தப்பாக இருந்தால் வங்கித் தளமும் அரசுத் தளமும் பாதுகாப்புச் சான்றிதழ் பிழை என்று திறக்க மறுக்கும். சரிசெய்ய வழி உண்டு. ஆனால் கூட்டம் நிற்கும்போது அதற்கெல்லாம் யார் உட்காருவது?

பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, பெயர் எழுதி ஒட்டி, பீரோவில் வையுங்கள். புதிய எஸ்எஸ்டியில் மின்ட் போடுங்கள். பிடிக்கவில்லை என்றால் டிஸ்க்கை மாற்றி மாட்டினால் முன்பிருந்த கடை அப்படியே எழுந்து நிற்கும். வாடிக்கையாளர்களுக்கு நான் செய்து தருவது இதைத்தான். ஒருவருக்கும் ஒரு கோப்பும் தொலைந்ததில்லை.

4 ஜிபி ரேம் என்றால் மின்ட்டில் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை எடுங்கள். சின்னமன் பதிப்பு பார்க்க அழகு. ஆனால் 4 ஜிபியில் பிரவுசரில் நாலைந்து தாவல் திறந்தால் மூச்சு வாங்கும்.

பாலக்காட்டு வாத்தியார்

சகோதரி, நான் கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துத் தமிழ்வழிப் பள்ளி ஒன்றில் ஆசிரியர். எங்கள் மாநிலத்து அரசுப் பள்ளிகளில் லினக்ஸ் புதுமை இல்லை. 2001-இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம் 2017-இல் கைட் என்ற நிறுவனமானது. பள்ளிகளுக்கென்றே உபுண்டு என்ற லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட பதிப்பை அவர்களே தருகிறார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் தகவல் தொழில்நுட்பச் செய்முறைத் தேர்வை அதில்தான் எழுதுகிறார்கள். என் வகுப்பில் தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் இன்க்ஸ்கேப்பில் சுவரொட்டி வரைகிறார்கள். ஆகவே, கற்றுக்கொள்ள முடியுமா என்ற கவலை உங்களுக்கு வேண்டாம். வேலைக்கு ஒத்துவருமா என்பதை மட்டும் பார்ப்போம்.

தட்டச்சிலிருந்து தொடங்குகிறேன், உங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். கருவிக்காகத் தொழிலாளியின் கையை மாற்றக் கூடாது என்று நினைக்கிறீர்களே, அதில் உறுதியாக இருங்கள். மின்ட்டில் ஐபஸ் என்ற உள்ளீட்டு முறையையும் எம்17என் என்ற தொகுப்பையும் சேர்த்தால், தமிழுக்குத் தமிழ்99, தட்டச்சு, ஒலிபெயர்ப்பு, இன்ஸ்கிரிப்ட், இலங்கையின் ரெங்கநாதன் என்று விசையமைப்புகள் வரிசையாக வரும். ஆக, தட்டச்சு அமைப்பு உண்டு. ஆனால் "உண்டு" என்று நான் சொல்வது போதாது. எல்லாத் தட்டச்சு அமைப்புகளும் ஒன்றுபோல் நடந்துகொள்வதில்லை. இரும்பு மெஷினில் கற்றவர் "கொ" அடிக்கும்போது முதலில் கொம்பை அடிப்பார், பிறகு ககரம், பிறகு கால். மென்பொருள் அதை அந்த வரிசையிலேயே வாங்கிச் சேர்க்கிறதா, மெய்யை முதலில் கேட்கிறதா என்பதைப் பார்க்க வேண்டும். புள்ளி வைக்கும் இடம், ஸ்ரீ, க்ஷ, அடைப்புக்குறி, ரூபாய்க் குறி ஆகிய இடங்களிலும் சின்னச் சின்ன வேறுபாடு வரும். அந்தப் பெண்ணை உட்காரவைத்து, "மேற்கொள்ளப்பட்டுள்ளதென்றும்", "பெயரிடப்பட்டோர்", "கோரிக்கையை" போன்ற சொற்கள் நிறைந்த ஒரு உண்மையான மனுவை அடிக்கச் சொல்லுங்கள். கை தடுமாறுகிற விசைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். எம்17என் விசையமைப்பு என்பது வெறும் உரைக்கோப்பு. விவரம் தெரிந்த ஒருவர் உட்கார்ந்தால் அந்த விசைகளை அவர் கைக்கு ஏற்ப மாற்றித் தந்துவிடலாம். லினக்ஸில் எனக்குப் பெரிதாகப் படுவது இந்த உரிமைதான். விலையில்லை என்பதைக்கூட அடுத்தபடியாகத்தான் சொல்வேன்.

இந்தச் சோதனைக்கு எதையும் நிறுவ வேண்டியதில்லை. 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் மின்ட்டை ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் தொடங்கலாம். ஹார்ட் டிஸ்க்கை அது தொடாது. அதே அமர்வில் இணையம், ஸ்கேனர், இரண்டு பிரிண்டர், நீங்கள் தினமும் திறக்கிற அரசுத் தளங்கள் எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள். அணைத்ததும் செய்த மாற்றம் அழிந்துவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். பென்டிரைவிலிருந்து ஓடுவதால் மெதுவாகவும் இருக்கும். அந்த வேகத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

பிரிண்டரில் மாடல்தான் பேசும். ஹெச்பி பெரும்பாலானவற்றுக்கு ஹெச்பிலிப் என்ற தொகுப்பு போதும். எப்சன் இங்க் டேங்க்குகளுக்கு இயக்கி மின்ட்டின் களஞ்சியத்திலேயே கிடைக்கும். நம் ஊர்க் கடைகளில் நிறைய இருக்கிற கேனான் எல்பிபி 2900 போன்ற சிறிய லேசர்கள் கேப்ட் என்ற தனி மொழியில் பேசுகின்றன. லினக்ஸில் அவற்றை ஓடவைக்க முடியும், ஆனால் மெனக்கெட வேண்டும். உங்கள் லேசர் அந்த வகை என்றால், அதைத் தொடர்ந்து விண்டோஸ் இருக்கப்போகிற கணினியிலேயே விட்டுவிடுவது உத்தமம்.

இனி பேஜ்மேக்கர். உங்களை விண்டோஸோடு கட்டிப்போட்டிருப்பது இதுதான். பேஜ்மேக்கர் 7 வந்தது 2001-இல். சில ஆண்டுகளிலேயே அடோபி அதை வளர்ப்பதை நிறுத்திவிட்டு இன்டிசைனுக்குப் போய்விட்டது. புதிய கணினி மூன்று வாங்கினாலும் இந்தப் பிரச்சினை உங்களோடு கூடவே வரும். அதனால் இயங்குதளம் மாற்றுவதையும் பேஜ்மேக்கரை விடுவதையும் ஒரே முடிவாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். பழைய கோப்புகளை இலவச மென்பொருள்களான லிப்ரே ஆஃபிஸ் டிராவிலும் ஸ்கிரைபஸிலும் திறக்கலாம். திறக்கும் என்றுதான் சொல்கிறேன், அப்படியே இருக்கும் என்று சொல்லவில்லை. வரி நகரும், சட்டகம் இடம்மாறும். பார்த்து எடுத்து எழுத உதவும், அவ்வளவுதான்.

புதிய அழைப்பிதழ்களை, எந்தக் கணினியிலும் ஒரே எழுத்தாக நிற்கிற யூனிகோடு குறியீட்டு முறையில் தொடங்குங்கள். ஸ்கிரைபஸ் முன்பு தமிழைச் சரியாகக் கோக்காது. கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் நிற்கும். அரபு எழுத்துக்காக ஓமான் நாட்டுக் குழு ஒன்று அதன் எழுத்துக்கோப்பு முறையையே மாற்றி எழுதியபோது தமிழுக்கும் சேர்த்தே விடிவு பிறந்தது. 2024 தொடக்கத்தில் வந்த 1.6 பதிப்பில் தமிழ் சரியாக நிற்கிறது. அதற்கு முந்தைய பதிப்பு எங்காவது கிடைத்தால் அதைப் பார்த்துவிட்டு ஏமாந்து திரும்பிவிடாதீர்கள். ஆஃப்செட் அச்சகம் நான்கு வண்ணப் பிரிப்போடு பிடிஎஃப் கேட்டால் ஸ்கிரைபஸ் தரும். பூ, குத்துவிளக்கு, பிள்ளையார் எல்லாம் வரைய இன்க்ஸ்கேப். வடிவத்தை அதில் செய்து, பக்கத்தை இதில் அமைப்பது பழகிவிட்டால் கை நிற்காது.

நெல்லைக் கணக்கர்

நான் மாற்றுக்கருத்துச் சொல்ல வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கணக்கு அலுவலகம் ஒன்றில் இருக்கிறேன். கணக்கு எழுதும் டேலி பிரைம் விண்டோஸுக்கான மென்பொருள். எங்கள் வாடிக்கையாளர்களில் நிறுவனங்களும் எல்எல்பி எனப்படும் வரம்புற்ற பொறுப்புக் கூட்டாண்மைகளும் ஜிஎஸ்டி தாக்கல் செய்ய டிஜிட்டல் கையொப்பம் கட்டாயம்; அதைத் தாங்கிய யுஎஸ்பி டோக்கனுக்கு இயக்கி, கையொப்பமிடும் செயலி, பிரவுசர் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். மாதம் 20-ஆம் தேதி இரவு எட்டு மணிக்கு அது மறுத்தால் தாமதக் கட்டணம் கட்டப்போவது எங்கள் வாடிக்கையாளர். அந்த இடத்தில் பரீட்சை வைக்க எனக்குத் துணிவில்லை, வைக்கவும் கூடாது.

அக்கா, உங்கள் கடையில் டேலி இல்லை என்பது தெரிகிறது. ஆனால் கைரேகைக் கருவி இருக்கிறதே. அது கட்டியிருக்கும் கணினியைத் தொடாதீர்கள். இன்னொன்றும் யோசியுங்கள்: உங்கள் தட்டச்சுப் பெண் கல்யாணமாகி வேறு ஊர் போனால், புதிதாக வருகிறவர் வேர்டு எங்கே என்று கேட்பார். வேலைக்கு ஆள் கிடைப்பதே சிரமமாக இருக்கும் ஊர்களில் இது சின்ன விஷயமில்லை. ஒரு கணினியிலாவது விண்டோஸ் இருக்கட்டும், முறையான உரிமத்தோடு.

யாழ்ப்பாணத்து அச்சுத்தொழிலாளி

அக்கா, பாமினியைப் பற்றி எழுதியிருந்ததால் வந்தேன். எங்கள் பக்கத்தில் பாமினி இல்லாத கணனி இல்லை. மரண அறிவித்தல், திருமண அழைப்பிதழ், இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிச் சடங்குக்கு அடிக்கிற கல்வெட்டு நினைவு மலர் எல்லாம் அதில்தான் ஓடின. இன்னும் பலரிடம் ஓடிக்கொண்டிருக்கின்றன. நான் லினக்ஸில் வேலை செய்கிறேன். பழைய கோப்புகளையும் கைவிடவில்லை.

முதலில் ஆறுதலான செய்தி. பாமினி ஒரு சாதாரண எழுத்துருக் கோப்புத்தான். அதை மின்ட்டில் இரட்டைச் சொடுக்கி நிறுவலாம். வேர்டில் பாமினியில் அடித்த பழைய மனு லிப்ரே ஆஃபிஸில் தமிழாகவே தெரியும், திருத்தவும் முடியும். பாமினி பெரும்பாலும் ஆங்கில விசைகளின் இடத்திலேயே தமிழ் வடிவங்களை வைத்திருப்பதால் இது சாத்தியம். வேறு சில பழைய எழுத்துருக்கள் ஆங்கிலத்துக்கு அப்பாலுள்ள மேல்வரிசை இடங்களையும் பயன்படுத்தும். அவற்றில் சில எழுத்துகள் காணாமல் போகலாம். உங்களிடம் இருக்கும் ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு கோப்பைத் திறந்து பாருங்கள்.

யூனிகோடுக்கு மாற்ற என்எச்எம் கன்வெர்ட்டர், பொங்குதமிழ் போன்றவை இருக்கின்றன. ஆனால் கோப்பு முழுவதையும் அள்ளி மாற்றாதீர்கள். மாற்றிக்கு எது பாமினி, எது ஆங்கிலம் என்று தெரியாது. எல்லாவற்றையும் பாமினியாகவே எடுத்துக்கொள்ளும். மணமகன் பெயருக்குப் பின்னால் ஆங்கில எழுத்துருவில் இருந்த பி.இ. பட்டம் "டீ.நு." என்று வந்து நிற்கும். எம்.ஏ. படித்த மணமகள் "ஆ.யு." ஆகிவிடுவார். எங்கள் செய்தித் தளங்களில் முன்பு உலக சுகாதார நிறுவனத்தின் ஆங்கிலச் சுருக்கம் "றுர்ழு" என்று வந்ததற்கும் காரணம் இதுதான். தமிழ்ப் பகுதியை மட்டும் எடுத்து மாற்றி, பட்டம், கைப்பேசி எண், மின்னஞ்சல் ஆகியவற்றைக் கையால் அடியுங்கள். பிறகு இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து ஒருவர் வாசிக்க ஒருவர் சரிபாருங்கள். அழைப்பிதழில் மாமன் பெயர் பிழைத்தால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இருப்பில் உள்ள அத்தனையையும் மாற்றுவது வீண் உழைப்பு. திரும்ப வருகிற வாடிக்கையாளரின் கோப்பை மட்டும், அவர் வரும்போது மாற்றுங்கள். மற்றவை பிடிஎஃப் ஆக ஒரு பிரதி இருந்தால் போதும். பேஜ்மேக்கர் ஓடுகிற கணனி உயிரோடு இருக்கும்போதே அந்தப் பிடிஎஃப்களை எடுத்துவிடுங்கள். இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள் அக்கா. அந்த ஹார்ட் டிஸ்க் நின்றுவிட்டால் வடிவம் எப்படி இருந்தது என்று பார்க்கக்கூட வழி இருக்காது.

மன்னைக்காரி

எல்லோருக்கும் நன்றி. நெல்லைக் கணக்கருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நீங்கள் சொன்னதால்தான் ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனியாக முடிவெடுக்கத் தோன்றியது.

முன்மேசையில் விண்ணப்பம் போடுகிற கணினிக்கு எஸ்எஸ்டி வாங்கி, மின்ட் எக்ஸ்எஃப்சிஇ போடுகிறேன். வெளி பென்டிரைவ் எல்லாம் இனி அதில் மட்டும். விண்டோஸுக்காக எழுதிய குறுக்குவழி வைரஸ் அதில் ஓடாது என்பதே எனக்குப் பெரிய நிம்மதி. பக்கத்துக் கணினியில் விண்டோஸ் 10 நீட்டிப்பைப் பதிவு செய்துவிட்டேன். கைரேகைக் கருவி அதில் இருக்கும். 2026 அக்டோபருக்குள் அதற்குப் பதிலாக விண்டோஸ் 11 ஓடுகிற ஒன்றை, பழையதாக இருந்தாலும், வாங்கப் பார்க்கிறேன். உள் அறைக் கணினியின் இணைய வயரைப் பிடுங்கிவிட்டேன். பேஜ்மேக்கர் அதிலேயே இருக்கட்டும். பிடிஎஃப் எடுக்கும் வேலையை மாலையில் கூட்டம் குறைந்த நேரத்தில் தொடங்கிவிட்டோம்.

தட்டச்சைப் பென்டிரைவிலிருந்து சோதித்துப் பார்த்தோம். வாத்தியார் கொடுத்த சொற்களை அடித்தார். எழுத்துகள் கைக்கு வந்தன. குறியீடுகள் சிலவற்றில்தான் தடுமாறினார். எந்தெந்த விசை என்று அவரே ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறார். இங்க் டேங்க் பிரிண்டர் உடனே அச்சடித்தது. லேசர் அசையவில்லை.

ஒரு சந்தேகம் பாக்கி இருக்கிறது. வாடகை ஒப்பந்தத்தை முத்திரைத்தாளில் அச்சிடுகிறோம். முதல் பக்கத்தில் முத்திரைக்குக் கீழேதான் எழுத்து தொடங்க வேண்டும். அடுத்த பக்கத்திலிருந்து முழுத்தாள். வேர்டில் அதற்கு ஒரு மாதிரிக் கோப்பு வைத்திருக்கிறேன். லிப்ரே ஆஃபிஸில் அதைத் திறந்தால் வரிகள் கீழே இறங்கி, கையெழுத்து இடம் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறது. தாள் வீணானால் காசு என் கையிலிருந்துதான் போகும். இதற்கு என்ன செய்வது?

பாலக்காட்டு வாத்தியார்

வேர்டு மாதிரியைத் திருத்தப் பார்க்காதீர்கள். அதில் இருப்பது லதா போன்ற மைக்ரோசாஃப்ட் எழுத்துருவாக இருக்கும். மின்ட்டில் அது இல்லாததால் வேறொரு எழுத்துரு வந்து உட்கார்கிறது; எழுத்தின் அகலமும் உயரமும் மாற, வரியும் நகர்கிறது. நோட்டோ செரிஃப் தமிழ் அல்லது அரசு அலுவலகங்களில் புழங்கும் மருதம் எழுத்துருவை வைத்துக்கொண்டு, லிப்ரே ஆஃபிஸிலேயே புதிய மாதிரி ஒன்று செய்யுங்கள்.

பக்கப் பாணிகள் என்ற பட்டியலில் "முதல் பக்கம்" என்று ஒன்று இருக்கும். அதற்கு மட்டும் மேல் ஓரத்தை, முத்திரையின் உயரத்தை அளவுகோலால் அளந்து அவ்வளவு வையுங்கள். அடுத்த பக்கத்துக்கு இயல்பான பாணி தானாக வந்துவிடும். இரண்டு பாணியிலும் தாளின் அளவை, முத்திரைத்தாளை அளந்த அளவாகவே கொடுங்கள். பிரிண்டர் அமைப்பிலும் அதே அளவு இருக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் பிரிண்டர் தன் போக்கில் சுருக்கி அச்சிடும். கையெழுத்து, சாட்சி வரிகள் இருக்கும் பத்திகளுக்கு "அடுத்த பத்தியுடன் சேர்த்து வை" என்பதைத் தேர்ந்துவிட்டால் அவை பிரிந்து போகாது.

முதலில் அதே அளவுக்கு வெட்டிய வெற்றுத்தாளில் அச்சிட்டு, முத்திரைத்தாளின் மேல் வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சரியாக வந்ததும் அதை வார்ப்புருவாகச் சேமித்துவிடுங்கள். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் புதிய பிரதிதான் வரும், மூலம் கெடாது.

அந்தப் பெண் எழுதி வைத்திருக்கும் விசைப் பட்டியலைப் படம் எடுத்து இங்கே போடுங்கள். விசையமைப்புக் கோப்பில் திருத்தி அனுப்புகிறேன். லேசரின் மாடல் எண்ணையும் சேர்த்து எழுதுங்கள்.